காரின் கண்

நம் இல்லத்தில் 14 ஆண்டுகளாக உழைத்து வரும் சிறிய கார் ஒன்று உண்டு. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு வாங்கியது. திண்டுக்கல்லில் நம் வீடு. வத்தலக்குண்டில் நம் தங்கையின் வீடு. இவ்விரண்டுக்கும் இடையே சென்று வருவதும், அவ்வப்போது மதுரைக்குக் கண் மருத்துவரைக் காணச் செல்வதுமே அதன் பணி. இத்தகைய சாதுவான வண்டிக்குக் காமிரா ஒன்று வேண்டியிருக்கும் என நாம் ஒருபோதும் எண்ணியதில்லை.

2023ஆம் ஆண்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி அவ்வெண்ணத்தை மாற்றிற்று. கடைவீதி நெரிசலில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தோம். முன்னால் நின்ற சரக்கு வேன் ஒன்று பின்னோக்கி வந்து நம் வண்டியின் முகப்பில் மோதி விளக்கை உடைத்தது. இறங்கிச் சென்று கேட்டபோது, பின்னாலிருந்து வந்து இடித்தவர் நாமே என்று அதன் ஓட்டுநர் கூசாமல் சாதித்தார். கூடி நின்றவர்களில் பாதிப்பேர் அவர் பக்கம், பாதிப்பேர் நம் பக்கம். ஆனால் கண்ணால் கண்டவர் ஒருவருமில்லை. முடிவில் 4,500 ரூபாய் கொடுத்து விளக்கை மாற்றியவர் நாமே. பணம் போனதைவிட, பலர் நடுவே பொய்யன் என்று பெயர் கேட்டதே நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

விடுமுறைக்குக் கோவையிலிருந்து வந்த மகனிடம் இதைச் சொன்னோம். "இதற்குத்தான் அப்பா, டேஷ் காமிரா வேண்டும் என்கிறார்கள்" என்றான். மறுவாரமே சுமார் 3,000 ரூபாய் விலையில் ஒரு காமிரா நம் காரின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

இக்கருவி இயங்கும் விதத்தை வாசகர்கள் அறிந்துகொள்வது பயன் தரும். கண்ணாடியின் உட்புறத்தில், ஓட்டுபவரின் பார்வையை மறைக்காதபடி, பின்னோக்குக் கண்ணாடிக்குப் பின்னால் அதைப் பொருத்துவர். காரில் உள்ள 12 வோல்ட் மின்துளையிலிருந்தே அதற்கு மின்சாரம் கிடைக்கிறது. சாவியைத் திருப்பியவுடன் தானே விழித்துக்கொண்டு, எதிரே தெரியும் சாலையைப் படமாகவும், வண்டிக்குள் எழும் பேச்சை ஒலியாகவும் பதிவு செய்யத் தொடங்கும். படத்தின் ஓரத்தில் தேதியும் நேரமும் பதிவாகும். இவை யாவும் விரல் நகத்தளவே உள்ள மெமரி கார்டு ஒன்றில் ஒரு நிமிடம், மூன்று நிமிடம் அல்லது ஐந்து நிமிடத் துண்டுகளாகச் சேருகின்றன. கார்டு நிரம்பியதும், எல்லாவற்றிலும் பழைய துண்டை அழித்துவிட்டு அவ்விடத்தில் புதியதை எழுதும். நாம் வாங்கிய 32 ஜிபி கார்டில் சுமார் நான்கு மணி நேரப் பயணமே தங்கும். கல்லில் வெட்டிய எழுத்தன்று அது, கரும்பலகை எழுத்து. அடுத்த பாடம் தொடங்கியதும் முந்தைய பாடம் அழிந்துவிடும்.

ஆயினும் ஒரு பாதுகாப்பு உண்டு. அதிர்ச்சியை உணரும் நுண்கருவி ஒன்று உள்ளே இருக்கிறது. வண்டி பலமாக மோதினால், அந்நேரத்துத் துண்டை அழியாதபடி பூட்டி வைத்துவிடும். ஆனால் நம் ஊர்ச் சாலைகளில் ஒவ்வொரு வேகத்தடையையும் பள்ளத்தையும் அது விபத்தென்றே கருதிப் பூட்டிக்கொண்டிருந்தது. கார்டு விரைவில் நிரம்பித் திணறியது. ஆகவே மகன் அதன் உணர்வுத்திறனைக் குறைத்து வைத்துவிட்டான். இச்சிறு மாற்றம் பின்னர் நம்மை எங்கே கொண்டு நிறுத்தப்போகிறது என்பதை அன்று நாம் அறியவில்லை.

வாங்கும்போது வீட்டில் ஒரு வாதம் எழுந்தது. ஜி.பி.எஸ். வசதியுள்ள காமிராக்களும் கிடைக்கின்றன. செயற்கைக்கோள்களின் துணையால் வண்டி எந்த இடத்தில், எவ்வளவு வேகத்தில் சென்றது என்பதையும் அவை படத்தோடு பதிவு செய்யும். சிம் கார்டு பொருத்திய சில வகைகள், வண்டி செல்லும் இடத்தைத் தொலைவிலுள்ளவர்களின் கைப்பேசிக்கும் அனுப்பும். "நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கோவையிலிருந்தே பார்த்துக்கொள்வேன்" என்று மகன் பரிவோடுதான் சொன்னான். நாம் இசையவில்லை. "எங்கே போகிறோம் என்று கேள், சொல்கிறோம். கேளாமலே அறிந்துகொள்ள வேண்டாம்" என்றோம். நம் மகளும் அவ்வப்போது அக்காரை எடுத்துச் செல்வாள். அவள் சென்ற வழியை நாம் வேவு பார்ப்பதும் நமக்கு உகந்ததாய்த் தோன்றவில்லை. குடும்பத்தில் ஒருவரையொருவர் நம்பி வாழ்வதற்குக் கருவியின் துணை எதற்கு? இடம் அறியாத, எதிரே உள்ளதை மட்டும் காணும் எளிய காமிராவே போதும் என்று முடிவாயிற்று.

ரஷ்ய நாட்டில் இத்தகைய காமிராக்கள் நெடுங்காலமாகவே பெருவழக்கில் உள்ளன. விபத்துத் தகராறுகளும், காப்பீட்டுப் பணத்துக்காக வேண்டுமென்றே வந்து மோதும் ஏமாற்று வேலைகளும் அங்கே மலிந்திருந்ததே காரணம். 2013ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் காலையில், செல்யாபின்ஸ்க் என்னும் நகருக்கருகே விண்கல் ஒன்று வானத்தைக் கிழித்துக்கொண்டு வந்து, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்துச் சிதறியது. அந்த அதிர்ச்சியில் சன்னல் கண்ணாடிகள் நொறுங்கி ஏறத்தாழ 1,500 பேர் காயமுற்றனர். அந்நேரம் சாலைகளில் சென்றுகொண்டிருந்த கார்களின் காமிராக்கள் பல, அந்தத் தீக்கோளத்தைப் படம் பிடித்திருந்தன. அறிவியலார் அப்படங்களை ஒப்பிட்டு, அக்கல் எத்திசையிலிருந்து, என்ன வேகத்தில், எப்பாதையில் வந்தது என்பதைக் கணித்தனர். பக்கத்து வண்டிக்காரரின் தவற்றைப் பிடிப்பதற்கென்று வைத்த காமிராக்கள், எவரும் எதிர்பாராத ஒன்றைக் கண்டன. காமிராவை எதற்காக வைக்கிறோம் என்பது நம் கையில். அது எதைக் காணும் என்பது நம் கையில் இல்லை. இவ்வுண்மையை நாம் நம் செலவிலேயே கற்றோம்.

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு மாலை. தங்கை வீட்டிலிருந்து நாமும் நம் இல்லத்தரசியும் திரும்பிக்கொண்டிருந்தோம். செம்பட்டியைக் கடந்து சிறிது தூரம் வந்ததும், சாலையின் வலப்புறம் புளியமரத்தடியில் டீக்கடை ஒன்று தென்பட்டது. டீ அருந்திச் செல்லலாம் என்று வண்டியை வலப்புறம் திருப்பினோம். அடுத்த நொடி, பக்கவாட்டில் தகரம் நசுங்கும் ஒலி. பால் கேன்கள் கட்டிய மொபெட்டில் நம்மை முந்திச் செல்ல முயன்ற ஒருவர் சாலையில் விழுந்து கிடந்தார். கேன் ஒன்று மூடி திறந்து உருண்டோட, பால் புழுதியில் கலந்து ஓடியது.

பதறி இறங்கினோம். டீக்கடைக்காரரும் நாலைந்து பேரும் ஓடி வந்து அவரைத் தூக்கி உட்கார வைத்தனர். "சார், இண்டிகேட்டர் போட்டீங்களா?" என்று ஒருவர் வினவினார். "போட்டோமே" என்றோம், சற்றும் தயங்காமல். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமில்லை. 40 ஆண்டுகளாக வண்டி ஓட்டிய கை தானே போட்டிருக்கும் என்ற திடமான நம்பிக்கை. இல்லத்தரசியும் "போட்டாங்க" என்றார். நரைத்த தலையும் வெள்ளைச் சட்டையும் ஆசிரியர் என்ற அடையாளமும் சேர்ந்து நம் சொல்லுக்கு வலுவூட்டின. வலியால் முகம் சுளித்திருந்த பால்காரரே, "ஐயா மேல தப்பிருக்காதுங்க. நான்தான் அவசரப்பட்டு முந்தப் பார்த்துட்டேன்" என்றார்.

அவரை நம் காரிலேயே ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்து வந்தோம். காறை எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரம் கையைத் தூக்கக்கூடாது என்று கூறிக் கட்டுப் போட்டனர். விசாரிக்க வந்த காவலரிடமும் அவர் தம் தவறு என்றே சொல்ல, அவ்வாறே எழுதிக்கொள்ளப்பட்டது. நாம் அவருடைய தம்பியின் கையில் 2,000 ரூபாயைத் திணித்தோம். "பெரிய மனசுங்க உங்களுக்கு" என்று அவர்கள் கைகூப்பினார்கள். தவறு செய்தவனுக்கும் உதவினோம் என்ற நிறைவோடு அன்றிரவு நன்றாகவே உறங்கினோம்.

மறுநாள் கார்டை எடுத்துக் கணிப்பொறியில் போட்டுப் பார்த்தோம். வேனுடன் நேர்ந்ததுபோல் பின்னர் எவரேனும் வம்பு செய்தால் காட்டுவதற்கு ஆதாரம் வேண்டுமே என்பதுதான் நோக்கம். மோதல் இலேசானது, அதிர்வை உணரும் கருவி அதைப் பொருட்படுத்தவில்லை, துண்டு பூட்டப்படவில்லை. எனினும் படம் அழியாமல் இருந்தது.

முதலில் கேட்டது நம் குரல். "இந்த ரோட்டில் ஓட்டுகிறவன் ஒருவனுக்கும் ஒழுங்கு கிடையாது" என்று இல்லத்தரசியிடம் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தோம். பிறகு, "டீ குடிக்கலாமா?" என்றோம். கார் சற்றே இடப்புறம் ஒதுங்கிற்று. பின் சட்டென்று வலப்புறம் திரும்பிற்று. தகரத்தின் ஒலி, படத்தில் உருளும் பால் கேன். இவற்றுக்கிடையே கேட்டிருக்க வேண்டிய ஒன்று மட்டும் கேட்கவில்லை. இண்டிகேட்டர் போட்டால் வண்டிக்குள் எழும் அந்த 'டிக், டிக்' ஒலி.

காமிராவுக்கு அவ்வொலி எட்டாதோ என்று ஆறுதல் தேடினோம். வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தருகே திரும்பிய துண்டைப் போட்டோம்: டிக், டிக். மருத்துவமனை வாயிலில் திரும்பிய துண்டைப் போட்டோம்: டிக், டிக். டீக்கடை முன் மட்டும் ஒலியில்லை. ஏழு முறை போட்டுப் பார்த்தோம். ஏழு முறையும் அது இல்லை. இடப்புறம் ஒதுங்கிய நம் காரைக் கண்டு, ஓரமாய் நிறுத்தப் போகிறார்கள் என்று எண்ணி அம்மனிதர் கடந்து சென்றிருக்கிறார். தவறு அவருடையதன்று.

மகனுக்குத் தொலைபேசியில் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தான். "அப்பா, அவரே தன் தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இந்த வயதில் உங்களுக்கு ஸ்டேஷன், கோர்ட் எல்லாம் வேண்டாம். கார்டை எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள். சனிக்கிழமை மதுரை போய் வந்தால் தானாக அழிந்துவிடும்" என்றான். தந்தைக்குத் தீங்கு வரக்கூடாதே என்ற அச்சமே அவனை அப்படிப் பேச வைத்தது.

சொன்னதிலும் கணக்குப் பிழையில்லை. மதுரைக்குச் சென்று மீள மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். அதற்குள் புதிய சாலையும் புதிய பேச்சும் அப்பழைய துண்டின்மேல் எழுதப்பட்டுவிடும். நாம் எதையும் அழிக்க வேண்டியதில்லை. ஒரு பொத்தானைக்கூடத் தொட வேண்டியதில்லை. வழக்கம்போல் கண் மருத்துவரைப் பார்த்து வந்தால் போதும். மறைத்தவர் நாம் என்று எவரும் சொல்ல இயலாது. நம் மனமேகூடச் சொல்லாது என்று தோன்றியது. தீமை இவ்வளவு எளிதாக, நம் கையில் அழுக்கே படாமல் வந்து நிற்கும் என்று அதுவரை நாம் நினைத்ததில்லை.

இரண்டு நாள் அந்தக் கார்டு மேசைமேல், நம் மூக்குக்கண்ணாடிக்கு அருகிலேயே கிடந்தது. வெள்ளிக்கிழமை இரவு உணவு பரிமாறிக்கொண்டிருந்த இல்லத்தரசி, "என்னங்க, அந்தப் பால்காரருக்கு எத்தனை மாடு இருக்கும்?" என்றார்.

"தெரியவில்லை" என்றோம்.

"ஒரு கையில் எப்படிக் கறப்பார்?"

அவ்வளவுதான் அவர் கேட்டது. சிறிது நேரம் கழித்து, "போட்டீங்கன்னு நானும்தானே சொன்னேன்" என்று மட்டும் சேர்த்துச் சொன்னார். அதற்கு மேல் நமக்கு உணவு இறங்கவில்லை.

சனிக்கிழமை மதுரைக்குச் செல்லவில்லை. காரை எடுக்கக் கை கூசியது. இருவரும் பஸ் ஏறி, டீக்கடையில் வழி கேட்டு அவர் வீட்டை அடைந்தோம். ஓட்டு வீடு, பின்புறம் இரண்டு பசுக்கள். அவர் மனைவி கறந்துகொண்டிருந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் மகள், டியூஷனை நிறுத்திவிட்டு, சைக்கிளில் வீடு வீடாகப் பால் ஊற்றிவரச் சென்றிருந்தாள். "வாங்கய்யா" என்று வரவேற்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார் அவர். அமர மனமின்றி நின்றபடியே, கண்டதைச் சொன்னோம். இண்டிகேட்டர் போடவில்லை, தவறு முழுவதும் நம்முடையது, அன்று சொன்னது உண்மையன்று.

அவர் கோபம் கொள்வார், ஏசுவார் என்று எதிர்பார்த்திருந்தோம். அவர் நெடுநேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "அப்போ நான் சரியாத்தான் வந்தேனா, ஐயா?" என்று கேட்டார்.

பிறகுதான் தெரிந்தது. அந்நாட்களில் வீட்டிலும் தெருவிலும் அவரைக் கடிந்துகொள்ளாதவர் இல்லை. கண்மண் தெரியாமல் ஓட்டிக் கையை முறித்துக்கொண்டாயே, பாலையும் கொட்டினாயே என்று எல்லாரும் சொல்ல, அவரும் அதை நம்பித் தம்மையே நொந்துகொண்டிருந்திருக்கிறார். பொய்யன் என்ற பெயரை ஒரு வேன் ஓட்டுநர் நம்மேல் சுமத்தியபோது நாம் எவ்வளவு துடித்தோம்! அதே சுமையை, அதனினும் கனமாக, ஓர் ஏழையின் முறிந்த தோளில் நாம் ஏற்றி வைத்திருந்தோம். 2,000 ரூபாய் கொடுத்து அவரிடமே நன்றியும் பெற்றுக்கொண்டோம். தருமம் என்று எண்ணிக் கொடுத்தது உண்மையில் நாம் பட்டிருந்த கடனில் ஒரு சிறு துளியே.

அன்றே அவருடைய தம்பியையும் அழைத்துக்கொண்டு காவல் நிலையம் சென்றோம். அதிகாரி படத்தை இருமுறை பார்த்தார். "எந்த இடம் என்று இதில் பதிவாகவில்லையே?" என்றார். இடம் சொல்லாத காமிரா அல்லவா! ஆனால் படத்தில் டீக்கடைப் பலகை இருந்தது. சாலையோரக் கிலோமீட்டர் கல் இருந்தது. புளியமரத்தின் எண்கூடத் தெரிந்தது. அவை இடத்தைச் சொல்லின. இன்னொரு குறையும் வெளிப்பட்டது: காமிராவின் கடிகாரம் 16 நிமிடம் முந்தியிருந்தது. ஜி.பி.எஸ். உள்ளவை செயற்கைக்கோளிலிருந்து நேரத்தைத் திருத்திக்கொள்ளும். எளிய காமிராவின் நேரத்தை நாமே பார்த்துத் திருத்த வேண்டும். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக் கொடுத்தோம். கார்டை அப்படியே ஒப்படைத்தோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்னும் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, இத்தகைய மின்பதிவின் நகலை நீதிமன்றத்தில் சான்றாக வைக்க அதற்குரிய சான்றிதழும் வேண்டும். அதிலும் கையொப்பமிட்டோம்.

நம்மேல் வழக்குப் பதிவாயிற்று. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தினோம். கூண்டில் நின்றபோது கால் நடுங்கியது உண்மை. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் பால்காரர் தொடுத்த மனு, மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்து, நம் வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து அவருக்கு இழப்பீடு கிடைத்தது. தவறு தம்முடையது என்று எழுதிய எழுத்து நிலைத்திருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும்? மகனும் அடுத்த விடுமுறையில் வந்து அவரைக் கண்டு, "அன்று நான் சொன்னதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது" என்று நம்மிடம் கூறினான்.

இவ்வகைக் காமிரா வாங்க எண்ணும் வாசகர்களுக்குச் சில சொற்கள். நம் நாட்டு வெயிலில் மூடிய காருக்குள் வெப்பம் மிக ஏறும். லித்தியம் பேட்டரி உள்ள காமிராவைவிட, மின்தேக்கி பொருத்தியதே அச்சூட்டைத் தாங்கும். கார்டில் ஓயாமல் எழுதி அழிப்பதால் அது தேய்ந்துபோகும்; இவ்வேலைக்கென்றே உறுதியாகச் செய்யப்பட்ட கார்டை வாங்கி, பதிவாகிறதா என்று அவ்வப்போது சோதியுங்கள். கடிகாரத்தை மாதம் ஒருமுறை சரிபாருங்கள். பேச்சும் பதிவாகிறது என்பதை உடன் வருவோருக்குச் சொல்லிவிடுங்கள். விபத்து நேர்ந்தால், வண்டியை மேலும் ஓட்டுமுன் கார்டை எடுத்து வைத்துவிடுங்கள். அது உங்களுக்குச் சாதகமானதா என்று பார்த்துவிட்டு எடுக்காதீர்கள்; பார்க்குமுன்னரே எடுத்துவிடுங்கள்.

பிறருக்கு நேர்ந்த விபத்தை உங்கள் காமிரா கண்டிருந்தால் அதைக் காவலரிடம் கொடுக்கத் தயங்க வேண்டாம். மோதிவிட்டு ஓடிய வண்டி எதுவென்று தெரியாதபோது, 2022 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள அரசுத் திட்டத்தின்படி இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயமுற்றவருக்கு 50,000 ரூபாயும் கிடைக்க வழியுண்டு. வண்டியின் எண் தெரிந்துவிட்டால், உரிய முழு இழப்பீட்டையே கோரலாம். உங்கள் காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சிறு கருவி ஒரு குடும்பத்தின் வாழ்வைத் தாங்கிப் பிடிக்கக்கூடும்.

நம் காரில் அதே காமிரா இன்றும் இருக்கிறது. கார்டு மட்டும் புதியது. பால்காரர் பழையபடி மொபெட்டில் சென்று வருகிறார். வத்தலக்குண்டு செல்லும்போதெல்லாம் அந்தப் புளியமரத்தடியில் டீ அருந்த நிறுத்துகிறோம். திரும்புமுன் கை பொத்தானைத் தொட்ட பின்னும் சற்றுப் பொறுக்கிறோம். டிக், டிக் என்னும் ஒலி நம் காதிலும், அருகில் அமர்ந்திருப்பவர் காதிலும் விழுந்த பிறகே வண்டியைத் திருப்புகிறோம்.